கரையும் கிலோ, நிறையும் கமிஷன்

2016 ஜனவரி கடைசி வாரம். அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரே ட்விட்டரில் சின்னதாக ஒரு வீடியோ போட்டார். தினமும் ரொட்டி சாப்பிடுகிறேன், ஆனாலும் 26 பவுண்டு குறைந்துவிட்டேன் என்பதுதான் சேதி. நம் கணக்கில் கிட்டத்தட்ட 12 கிலோ. அன்றைக்கே நியூயார்க் பங்குச் சந்தையில், எடை குறைப்புத் திட்டங்களை விற்கும் வெயிட் வாட்சர்ஸ் நிறுவனத்தின் பங்கு விலை எகிறியது. அந்த நிறுவனத்தின் 10 சதவீதப் பங்கை அதற்கு மூன்று மாதம் முன்புதான், 2015 அக்டோபரில், சுமார் 4.3 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்தார் ஓப்ரா. உடம்பில் கிலோ இறங்க, சொத்து ஏறியது.

இதை மோசடி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. பங்கு வாங்கியது ஊரறிந்த செய்தி. எடை குறைந்ததும் நிஜம். ஆனால் அமெரிக்கா அவருடைய எடையை ரொம்ப காலமாகவே பார்த்துக்கொண்டிருந்தது. 1988 நவம்பரில், நாலு மாதம்போலத் திரவ உணவு மட்டுமே குடித்து மெலிந்த பிறகு, 67 பவுண்டு விலங்குக் கொழுப்பை ஒரு சிவப்பு வண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு தன் நிகழ்ச்சி மேடைக்கு வந்தவர் அவர். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியதுமே எடை ஏறத் தொடங்கிவிட்டதைப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். 2023 டிசம்பரில், எடை குறைக்கும் மருந்து எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். 2024 பிப்ரவரியில் வெயிட் வாட்சர்ஸ் இயக்குநர் குழுவிலிருந்து விலகும் முடிவைச் சொன்னார். கையிலிருந்த பங்குகளை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடப்போவதாகவும் சொன்னார். பங்கு விலை சரிந்தது. 2025 மே மாதம் நிறுவனம் திவால் மனுவோடு நீதிமன்றப் படியேறியது. அதற்கு ஓப்ரா மட்டும் காரணமில்லை. எடை குறைக்கும் புதிய ஊசிகள் வந்து அந்தத் தொழிலையே புரட்டிப் போட்டிருந்தன.

ஓப்ராவுக்குப் பங்கு. சாமானியருக்கு லிங்க்.

எடை குறைத்த கதையை நாள்தோறும் எழுதுவது, வீடியோவாகப் போடுவது, கூடவே ஒரு பவுடருக்கோ மாத்திரைக்கோ டயட் திட்டத்துக்கோ லிங்க் கொடுப்பது என்பது இன்று உலகம் முழுக்க நடக்கிற ஒரு வீட்டுத் தொழில். இதற்குப் பெயர் அஃபிலியேட் மார்க்கெட்டிங். ஏற்பாடு ரொம்ப எளிது. உங்களுக்கென்று ஒரு தனி லிங்க், அல்லது உங்கள் பெயரிலேயே ஒரு கூப்பன் கோடு. அதன் வழியாக யாராவது வாங்கினால் உங்களுக்கு ஒரு பங்கு. அமேசான் இதை 1996-லேயே பெரிய அளவில் தொடங்கிவிட்டது. லிங்கைத் தொட்டவர் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் அங்கே கமிஷன். மின்புத்தகம், ஆன்லைன் டயட் திட்டம் மாதிரியான டிஜிட்டல் சரக்குகளை விற்கும் கிளிக்பேங்க் போன்ற சந்தைகளில் கமிஷன் 75 சதவீதம் வரைகூடப் போகும். 2020 ஏப்ரலில் அமேசான் தன் அமெரிக்கக் கமிஷன்களை வெட்டியபோது உடல்நலப் பொருள்களுக்கான பங்கு 4.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாக இறங்கியது. ஒரு சதவீதத்தில் யார் குடும்பம் நடத்துவது? கூடுதலாகக் கொடுக்கிற இடத்தைத் தேடிப் போவதுதான் மனித இயல்பு. எந்தச் சரக்கில் லாப விகிதம் அதிகமோ அதுதான் கூடுதலாகக் கொடுக்கும்.

தரகு நமக்குப் புதிதல்ல. கல்யாணத் தரகர், பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று சொல்லும்போது நாம் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்கிறோம். தன் வயிற்றைப் பற்றியும், பழைய சுடிதார் இறுகிப்போனதைப் பற்றியும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதைப் பற்றியும் வெட்கத்தை விட்டுச் சொல்கிற ஒருவரிடம் அப்படிக் கழிக்கத் தோன்றாது. இந்தத் தொழிலின் முதலீடே அந்தக் கழிக்காத பாதிதான்.

முதலில் போலிகளைப் பார்த்துவிடலாம். அவர்களைப் பற்றிச் சொல்வது சுலபம்.

2008, 2009 வாக்கில் அசாயி பெர்ரி என்ற பிரேசில் நாட்டுப் பழத்தின் பெயரால் அமெரிக்க இணையம் நிரம்பி வழிந்தது. சாதாரணக் குடும்பப் பெண் ஒருத்தி எழுதியது போலத் தோன்றும் எடை குறைப்பு நாள்குறிப்புகள். ஊரும் பெயரும் படமும் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் மாறும், கதை ஒன்றுதான். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. கேட்காமலே தங்கள் பெயரைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஓப்ராவும் தொலைக்காட்சிப் புகழ் டாக்டர் மெஹ்மெட் ஓஸும் 2009 ஆகஸ்டில் 40-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார்கள். நாள்குறிப்பு வேஷம் அம்பலமானதும் அடுத்த வேஷம், செய்தித் தளம். தொலைக்காட்சிச் சேனலின் முத்திரைகள், ஒரு 'நிருபர்', அவர் தானே சாப்பிட்டுப் பார்த்து நாலு வாரத்தில் 25 பவுண்டு குறைந்த 'விசாரணை அறிக்கை', அதற்குக் கீழே வாசகர் பாராட்டுகள். அத்தனையும் ஜோடனை. அமெரிக்காவின் நுகர்வோர் காவலரான ஃபெடரல் டிரேட் கமிஷன் (எஃப்.டி.சி.) 2011 ஏப்ரலில் இத்தகைய தளங்கள் மீது 10 வழக்குகளைத் தொடுத்தது.

அதே ஆண்டு தொடங்கிய லீன்ஸ்பா வழக்கில் இந்த எந்திரம் எப்படி ஓடியது என்பது வெட்டவெளிச்சமானது. அசாயி, குடல் சுத்தி மாத்திரைகளை விற்றது லீன்ஸ்பா. 'இலவசமாகப் பயன்படுத்திப் பாருங்கள், அனுப்பும் செலவு மட்டும் கொடுங்கள்' என்று சில டாலருக்குக் கார்டு எண்ணை வாங்கும். பிறகு மாதாமாதம் 79.99 டாலர் கழியும். இந்த வலைக்குள் ஓர் ஆளைக் கொண்டுவந்து சேர்த்தால் லீட்கிளிக் என்ற இடைத்தரகு நிறுவனத்துக்கு லீன்ஸ்பா கொடுத்தது 35 முதல் 45 டாலர். அதில் பெரும்பங்கு போலிச் செய்தித் தளம் நடத்திய அஃபிலியேட்டுகளுக்குப் போனது. நாங்கள் எதையும் எழுதவில்லை, ஆள்களை இணைத்துவிட்டோம், அவ்வளவுதான் என்று வாதாடியது லீட்கிளிக். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-ல் அதை ஏற்கவில்லை. 1.19 கோடி டாலர் கட்டச் சொன்ன தீர்ப்பு உறுதியானது. கதை எழுதியவர், லிங்க் கொடுத்தவர், சரக்கு விற்றவர் என்று ஆளுக்கு ஆள் கைகாட்டித் தப்பிக்கும் பழக்கத்துக்கு விழுந்த நல்ல அடி அது.

எஃப்.டி.சி.க்கு நுகர்வோரைக் காக்கும் அதிகாரம் வந்த வரலாற்றிலேயே ஓர் எடை குறைப்பு மருந்து இருக்கிறது. 'மார்மோலா' என்ற மாத்திரை, தைராய்டுச் சுரப்பியின் சாற்றில் செய்தது. அது பாதுகாப்பானது என்று சொல்லும் விளம்பரத்துக்கு எஃப்.டி.சி. தடை போட்டபோது, 1931-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடை செல்லாது என்றது. விளம்பரம் தவறாக இருக்கலாம், ஆனால் அதனால் போட்டி வியாபாரிகளுக்கு நஷ்டம் வந்ததாக நிரூபிக்கவில்லையே என்பது காரணம். சாப்பிட்டவருக்கு என்ன ஆனால் என்ன, பக்கத்துக் கடைக்காரருக்கு என்ன ஆனது என்பதே சட்டத்தின் கவலை! அந்த ஓட்டையை அடைக்க 1938-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

நமக்குக் கொஞ்சம் கிட்டத்தில் ஒரு கதையும் உண்டு. பச்சைக் காப்பிக்கொட்டைச் சாறு. 2012-ல் டாக்டர் ஓஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அற்புதம் என்று கொண்டாடப்பட்டதும் அமெரிக்கா முழுக்க விற்றுத் தீர்ந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டிய ஆய்வு நடந்தது இந்தியாவில். மொத்தமே 16 பேர். ஆய்வை நடத்தியவர் எடை அளவுகளைத் திரும்பத் திரும்ப மாற்றினார், ஆய்வுக் காலத்தை மாற்றினார், யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதையே குழப்பினார் என்று எஃப்.டி.சி. சொன்னது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனம் 2014 செப்டம்பரில் 35 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஆய்வுக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. அந்த நிகழ்ச்சியில் நிபுணராக வந்து உட்கார்ந்த லிண்ட்சே டங்கன், கூகுளில் இன்ன சொற்களைப் போட்டுத் தேடுங்கள் என்று நேயர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். தேடினால் அவருடைய சரக்கு வரும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார். 2015-ல் அவரும் அவருடைய நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட தொகை 90 லட்சம் டாலர்.

இவர்களெல்லாம் சட்டத்தின் கையில் சிக்குகிறவர்கள். எனக்கு அதிகமாக உறுத்துவது பொய்யே சொல்லாதவர்கள்.

கோவையில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு 80 கிலோவைத் தாண்டிவிட்டார். சாயங்கால பஜ்ஜியை நிறுத்துகிறார். ராத்திரி சாதத்துக்குப் பதில் கூட்டும் பொரியலும். குழந்தை தூங்கியதும் மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் நடை. ஐந்து மாதத்தில் 9 கிலோ குறைகிறது. வாராவாரம் எடை மெஷினைப் படமெடுத்துப் போடுகிறார். பார்க்கிறவர்கள் கூடுகிறார்கள். ஒரு நாள் ஏதோ ஒரு ஷேக் நிறுவனம் மெயில் அனுப்புகிறது: டப்பா இலவசம், உங்கள் பெயரில் கூப்பன், விற்பனையில் பங்கு. இவர் நேர்மையானவர். குடித்துப் பார்க்கிறார், பிடிக்கிறது, தினமும் காலையில் குடிக்கிறார். அடுத்த வீடியோவில், 'காலைல நான் குடிக்கிறது இதுதான், லிங்க் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு' என்கிறார். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. 9 கிலோ உண்மை, ஷேக் குடிப்பது உண்மை, பிடித்திருப்பதும் உண்மை. பார்ப்பவர் மனதில் இரண்டும் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. குறைத்தது பஜ்ஜியை விட்டதும் மொட்டை மாடியும். ஆனால் பஜ்ஜியை விடுவதற்குக் கமிஷன் கிடையாது. மொட்டை மாடிக்கு லிங்க் கிடையாது. சுரைக்காய்க்குக் கூப்பன் கோடு போட எந்தச் சந்தையும் முன்வராது.

அதனால் கதை மெல்ல மெல்ல லிங்க் இருக்கும் பக்கமாகச் சாய்கிறது. வேண்டுமென்று யாரும் சாய்ப்பதில்லை. எந்த வீடியோவில் நாலு பேர் வாங்கினார்கள் என்று கணக்குப் பக்கம் காட்டுகிறது. அடுத்த வீடியோ அந்த மாதிரியே வருகிறது.

இதில் உடம்பும் ஒரு விளையாட்டு விளையாடும். சாப்பாட்டை, அதிலும் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் முதல் வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ சரசரவென்று இறங்கிவிடும். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் செலவாகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும், அதுவும் கூடவே வெளியேறுகிறது. போனதில் பெரும்பகுதி தண்ணீர், கொழுப்பு சொற்பம். எந்த டயட்டைத் தொடங்கினாலும், எந்தப் பவுடரைக் குடித்தாலும், ஏன், எதையும் குடிக்காமல் சாதத்தை மட்டும் பாதியாக்கினாலும் இதேதான் நடக்கும். 'ஏழே நாளில் ரெண்டு கிலோ' என்ற வீடியோவுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். விற்பனை உச்சத்தில் இருப்பதும் அந்த ஏழாம் நாள் வீடியோவில்தான்.

அதற்குப் பிறகு வேகம் குறையும். ஒரு கட்டத்தில் முள் நகராது. அப்புறம், பலருக்கு, திரும்ப ஏறும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற எடை குறைப்புப் போட்டி பல பருவங்கள் ஓடியது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துத் தேடிப் பிடித்து அளந்தார் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால். 2016-ல் வெளியான அந்த ஆய்வின்படி, சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்பச் சேர்த்திருந்தார்கள். அதைவிடக் கொடுமை, அந்த எடையில் இருக்கும் ஓர் உடம்பு சும்மா இருக்கும்போது எவ்வளவு கலோரி செலவழிக்க வேண்டுமோ அதைவிட நாளுக்கு 500 கலோரி போலக் குறைவாகவே அவர்கள் உடம்பு செலவழித்தது. வீட்டுத் தோசை மூன்று, நான்கு வரும். ஆறு வருஷம் கழித்தும் உடம்பு அந்தப் பட்டினியை மறக்கவில்லை.

எடை குறைந்தவர் திரும்பக் குண்டானால் அது அவருடைய சோம்பல் என்று நாம் நினைக்கிறோம். அவரும் அப்படியே நினைத்துக் கூனிக் குறுகுகிறார். வாரத்துக்கு ஒன்றாக வந்த எடை மெஷின் படம் மாதத்துக்கு ஒன்றாகிறது, பிறகு நின்றுபோகிறது. அந்தப் பக்கம் சத்தமில்லாமல் சமையல் குறிப்புப் பக்கமாகவோ குழந்தை வளர்ப்புப் பக்கமாகவோ மாறிவிடும். ஆனால் பழைய வீடியோ அங்கேயேதான் இருக்கும். யாரோ ஒருத்தி ராத்திரி பதினொரு மணிக்கு 'தொப்பை குறைய' என்று தேடி அங்கே வந்து சேர்வாள். லிங்க் வேலை செய்யும். 9 கிலோவும் திரும்பி வந்து வருஷக்கணக்கான பிறகும் அந்த 9 கிலோவுக்குக் கமிஷன் வந்துகொண்டிருக்கும்.

பழைய விளம்பரங்களில் இதற்கென்றே ஒரு பொடி எழுத்து வரி உண்டு: பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும். அமெரிக்காவில் 2009 டிசம்பர் வரை அந்த வரி ஒரு கவசம். அதைப் போட்டுவிட்டால் 30 கிலோ குறைந்தவரின் படத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடலாம். அந்த வரியைப் படித்த பிறகும் ஜனங்கள் தங்களுக்கும் அப்படியே குறையும் என்று நம்புவதாக எஃப்.டி.சி. நடத்திய ஆய்வுகள் காட்டின. வழிகாட்டு விதிகளைத் திருத்திக் கவசத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அசாதாரணமான பலனைக் காட்டினால், சாதாரணமாக ஒருவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். காசோ இலவசப் பொருளோ வாங்கியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இணையத்தில் எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதியது அந்தத் திருத்தம்தான்.

சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா? 2005-ல் டேலியன் கெய்ன், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், டான் மூர் மூவரும் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு ஜாடி நிறைய நாணயம். தூரத்திலிருந்து பார்ப்பவர் மதிப்பைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்த ஓர் ஆலோசகர் அவருக்கு உதவுவார். சில ஆலோசகர்களுக்கு, மதிப்பிடுபவர் எவ்வளவு கூட்டிச் சொல்கிறாரோ அவ்வளவு காசு. அந்த ஏற்பாடு வெளிப்படையாகச் சொல்லப்பட்டபோது ஆலோசகர்கள் இன்னும் கூட்டிச் சொன்னார்கள். 'அதான் சொல்லியாச்சே' என்ற தைரியம் போலிருக்கிறது. கேட்டவர்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள், ஆனால் போதுமான அளவு கழிக்கவில்லை. லேபிள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். யார் காசு கொடுத்தார்கள் என்பதை லேபிள் சொல்லும். எதனால் குறைந்தது என்பதை அது சொல்லாது.

உடம்பு மெலிந்த கதையைச் சொந்தக் குரலில் எழுதி உலகப் புகழ் பெற்ற முதல் மனிதர் அநேகமாக வில்லியம் பேண்டிங். லண்டனில் சவப்பெட்டியும் இறுதி ஊர்வலமும் ஏற்பாடு செய்யும் தொழில். அரச குடும்பத்துக்கே அதைச் செய்தது அவர் குடும்பம்தான். ஐந்தடி ஐந்தங்குல உயரத்தில் 202 பவுண்டு. குனிந்து ஷூ நாடா கட்ட முடியாது. காது கேட்கவில்லை என்று டாக்டர் வில்லியம் ஹார்வியிடம் போக, அவர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னார். சுமார் ஒரு வருஷத்தில் 46 பவுண்டு குறைந்தது. 1863-ல் அதைச் சின்னப் புத்தகமாக எழுதினார் பேண்டிங். முதல் பதிப்புகளைத் தன் செலவில் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். தேவை பெருகி விலை வைக்க வேண்டி வந்தபோது, வந்த லாபத்தைத் தர்ம காரியங்களுக்குக் கொடுத்து, அந்தக் கணக்கையும் பிற்பாடு அச்சிட்டார். அதற்கும் ஏச்சு விழாமலில்லை. மருத்துவம் தெரியாத ஆள் இதையெல்லாம் எழுதலாமா என்று டாக்டர்கள் கேலி செய்தார்கள். இவரிடம் பணம் நிறைய இருந்தது என்பதும் உண்மை. மாதக் கடைசியில் பால் கணக்கு தீர்க்க வேண்டிய ஒருவரிடம் பேண்டிங்கின் பெருந்தன்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இப்படிப்பட்ட விளம்பரங்களைக் கட்டுப்படுத்துவதில் இந்தியச் சட்டம் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை, ஏட்டில் பார்த்தால். குறிப்பிட்ட சில நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யவே கூடாது என்கிறது 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணச் சட்டம். அந்தப் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு, எந்தத் தேதியில் எந்த ஊர் என்று டிவியில் அறிவித்த வைத்தியர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சட்டம் எவ்வளவு அமலானது என்று சொல்லத் தேவையில்லை. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்தில் பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை என்கிறது. சொல்வது சரிதானா என்று முன்கூட்டியே சரிபார்த்திருந்தால் அபராதம் இல்லை. நிறுவனத்தோடு இருக்கும் பணத் தொடர்பை வீடியோவிலேயே, எளிதில் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் உடல்நலம் பேசுகிறவர்களுக்குத் தனியாக இன்னொன்று வந்தது. டாக்டரோ சான்றிதழ் பெற்ற நிபுணரோ என்றால் தகுதியைச் சொல்ல வேண்டும், நிபுணர் வேஷத்தில் பேசும் மற்றவர்கள், இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்றல்ல என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கோவைப் பெண் இத்தனையையும் ஒழுங்காகப் பின்பற்றிவிட முடியும். மூலையில் 'பெய்டு பார்ட்னர்ஷிப்' என்று போடலாம், நான் டாக்டர் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். எடை திரும்ப ஏறியதும் பழைய வீடியோவில் இன்றைய எடையை எழுது என்று எந்த விதியும் கேட்பதில்லை. கேட்டால் என்ன? சரக்குக்குக் காலாவதித் தேதி போடச் சொல்கிறோம். அதைச் சாப்பிட்டுக் குறைந்ததாகக் காட்டும் எடைக்கு ஒரு தேதி போடச் சொன்னால் விற்பனை பாதியாகிவிடும் என்பது விற்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இப்போது சந்தை எடை குறைக்கும் ஊசிகளின் பக்கம் திரும்புகிறது. மௌன்ஜாரோ ஊசி 2025 மார்ச்சிலும், வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. வெகோவியில் இருக்கும் செமாகுளுட்டைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான், அதற்குப் பிறகு உள்நாட்டு நிறுவனங்களின் மலிவுப் பதிப்புகளுக்கு வழி திறக்கிறது. பவுடர்களைப் போலல்ல, இவை முறையான பெரிய சோதனைகளில் எடையைக் குறைத்துக் காட்டியவை. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான்: செமாகுளுட்டைடை நிறுத்தி ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. மருந்துச்சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்தை மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் விளம்பரப்படுத்த இங்கே சட்டத்தில் இடமில்லை. ஆகவே ஊசிக்கு லிங்க் போட முடியாது. ஊசி போட்டுக்கொள்கிறவர் தசை கரையாமலிருக்கக் குடிக்கும் புரோட்டீன் பவுடருக்குத் தாராளமாகப் போடலாம்.